உரிகிற தோல், தோலே இல்லை!

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் மகள் என் கைப்பையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓடி வந்தாள். படிப்பது ஏழாம் வகுப்பு. கேள்வி மட்டும் கல்லூரிக்காரி மாதிரி கேட்பாள்.

"ஏனுங்கத்தை, உங்க பைக்குச் சொறி புடிச்சிருக்குதுங்க!"

சொறியேதான். கைப்பிடி ஓரத்திலிருந்து கறுப்புச் செதில்கள் பெயர்ந்து கொட்டிக்கொண்டிருந்தன. அடியில் வெள்ளையாக வலைத்துணி தெரிந்தது. முந்தின நாள் கட்டியிருந்த புடவையில் ஏன் கரித்தூள் மாதிரி ஒட்டியிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கடையில், "அசல் லெதருங்க, ஆயுசுக்கும் வருமுங்க" என்று சொல்லிக் கொடுத்த பை அது. யாருடைய ஆயுசைச் சொன்னாரோ தெரியவில்லை. நன்றாகக் கடுக்காய் கொடுத்துவிட்டார்.

"தோலுன்னா உரியத்தானுங்க செய்யும்? பாம்பு உரிக்குதல்லொ?" என்றாள் அவள், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

கேள்வி நல்ல கேள்வி. பாம்பு உரிப்பது அதன் மேல்தோலை. நம் நகமும் முடியும் எதனால் ஆனவையோ அதே கெரட்டின் என்ற புரதம்தான் அதிலும் இருக்கிறது. நம் உடம்பிலும் மேல்தோல் தினமும் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டே இருக்கிறது. தலையணையைத் தட்டினால் பறக்கிற தூசியில் கொஞ்சம் நாம்தான். ஆனால் பை செய்கிற தோல் அந்த மேல்தோல் இல்லை. ஆட்டுத் தோலையோ மாட்டுத் தோலையோ பதனிடத் தொடங்கும்போது முதலில் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். முடியும் மேல்தோலும் அங்கேயே கழன்றுபோகும். மிச்சம் இருப்பது அடித்தோல். உரிய வேண்டியது ஏற்கெனவே உரிந்துவிட்டதால், உண்மையான தோல் பை வெடிக்கலாம், கிழியலாம், சாயம் போகலாம். சட்டை உரித்த பாம்பு மாதிரி ஏடு ஏடாக உரிந்து, அடியில் துணியைக் காட்டாது.

அப்படியானால் என் பை என்ன? துணியின்மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கை மெல்லிய ஏடாகப் படியவைத்து, அதில் தோலின் ரேகைகளை அச்சாகப் பதித்திருக்கிறார்கள். கடைக்காரர்கள் 'பி.யூ. லெதர்' என்பது இதைத்தான். இதற்கு எதிரி காற்றில் இருக்கிற ஈரம். நீர் மூலக்கூறுகள் அந்தப் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகளுக்குள் புகுந்து கண்ணி கண்ணியாக அறுக்கும். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். பீரோவுக்குள் பத்திரமாக வைத்தால் தப்பிக்கும் என்று நினைக்காதீர்கள். பீரோவுக்குள்ளும் காற்று இருக்கிறது, காற்றில் ஈரம் இருக்கிறது. தொடாமல் பூட்டி வைத்த பையும் அங்கேயே உட்கார்ந்து உரியும்.

"சரி, உரியாத தோலைக் காட்டட்டுமா, அம்மிணி?" என்றேன்.

அடுத்த வாரம் காங்கேயம் பக்கம் இருக்கிற எங்கள் தோட்டத்துக்குப் போனோம். சாளையின் அட்டாலியில் (தோட்டத்து வீட்டுப் பரணில்), உடைந்த கலப்பைக்கும் சாக்குக்கும் நடுவில் ஒன்று கிடந்தது. கீழே இறக்கித் தட்டினேன். ஒரு முழத்துக்கு மேல் நீளம். யானைத் துதிக்கை மாதிரி மேலே அகன்று கீழே குறுகிய குழாய். தும்பி என்று பெயர், தும்பிக்கை மாதிரி இருப்பதால். கிணற்றில் கவலை இறைத்த காலத்துச் சாமான். மற்ற ஊர்களில் கமலை என்பார்கள்.

கவலையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இரும்புச் சால் என்ற பெரிய வாளியின் அடியில் இந்தத் தோல் தும்பியைக் கட்டியிருக்கும். எருதுகள் சரிவில் இறங்கும்போது வடம் சாலை மேலே இழுக்கும். தும்பியின் நுனியில் கட்டிய வால்கயிறு அதன் வாயை மேலே மடக்கிப் பிடித்திருக்கும், தண்ணீர் சிந்தாமல். சால் கிணற்று மேட்டுக்கு வந்ததும் தும்பியின் வாய் மட்டும் கீழே இருக்கிற உருளையில் புரண்டு முன்னால் நீளும். தண்ணீர் தானாக வாய்க்காலில் கொட்டும். ஆள் கை வைக்க வேண்டியதில்லை. நீரில் முங்கி, வெயிலில் காய்ந்து, மடங்கி, நிமிர்ந்து என்று ஒரு நாளில் எத்தனை தடவை! இந்த வேலையை இரும்பால் செய்ய முடியாது, துணியால் முடியாது. தோல்தான் செய்தது. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கொங்கு நாட்டுக் கிணறுகளில் மோட்டார் ஒவ்வொன்றாக ஏறியது, கவலை ஒவ்வொன்றாக இறங்கியது.

அவள் தும்பியை வளைத்துப் பார்த்தாள். விறைப்பாக இருந்தது. மடிப்பில் வெடித்திருந்தது. ஆனால் ஓர் ஏடுகூட உரியவில்லை. "இதை யாருங்க தெச்சாங்க?" என்று கேட்டாள். கொங்குப் பகுதியில் தும்பி தைத்தவர்கள் பெரும்பாலும் அருந்ததியர். எங்கள் தும்பியைத் தைத்தவர் பெயர் என்ன என்று அப்பாருவிடம் (தாத்தாவிடம்) கேட்டேன். எருது வாங்கிய விலையும் சந்தையும் அவருக்கு ஞாபகம் இருந்தன. தைத்தவர் பெயர் இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஊருக்கே தண்ணீர் வார்த்த கைத்திறனை ஊர் ஓரத்தில்தானே வைத்திருந்தோம்.

தும்பியின் வெட்டு ஓரத்தில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்க்கச் சொன்னேன். மயிர் மயிராக நார்கள், ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, கலைந்த நூல் கண்டு மாதிரி. இந்த நார்தான் கொலாஜன். நம் உடம்பில் இருக்கிற புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான். இதன் அமைப்பைச் சொன்னவர் நம் பக்கத்து விஞ்ஞானி: சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜி. என். இராமச்சந்திரன். 1954–55-ல் அவரும் கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் என்பது மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட கயிறு என்று எழுதினார்கள். கவலை வடத்தை எப்படித் திரிப்பார்கள்? மூன்று பிரி சேர்த்துத்தானே! அதே கதைதான், கண்ணுக்குத் தெரியாத அளவில். சென்னை அடையாற்றில் 1948-ல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஓர் அரங்கத்துக்கே அந்த முப்பிரி முறுக்கின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கயிறுகளைச் சும்மா விட்டால் என்ன ஆகும்? ஈரமாக இருந்தால் பாக்டீரியா தின்றுவிடும். இறைச்சி அழுகுகிற மாதிரி அழுகும். காயவைத்தால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகிவிடும். பறை அடிப்பவர்கள் அடிப்பதற்கு முன்னால் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தத் தோல் பதனிடாத தோல். காற்றின் ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துபோகும். சூட்டில் ஈரம் போனதும் விறைத்து 'டண்' என்று ஒலிக்கும். பறைக்கு அந்த விறைப்பு வேண்டும். பைக்கும் தும்பிக்கும் அது ஆகாது. நார்களுக்கு நடுவில் எதையாவது நுழைத்து, ஒட்டவும் விடாமல் அழுகவும் விடாமல் பூட்டுப் போட வேண்டும். பதனிடுதல் என்றால் அந்தப் பூட்டுப் போடுகிற வேலைதான்.

பூட்டு எங்கே கிடைக்கும்? பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்ட வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்து ஒரு மஞ்சள் பூவைப் பறித்து வருவீர்களே, அந்த ஆவாரஞ்செடியில். ஆவாரம்பட்டையில் டானின் என்ற பொருள் நிறைய இருக்கிறது. கடுக்காயிலும் இருக்கிறது. கடுக்காயை நாக்கில் வைத்தால் வாய் இழுத்துக்கொள்கிறதா? டானின் உங்கள் எச்சிலில் இருக்கிற புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. துவர்ப்பு என்று நாம் சொல்வது, கொஞ்ச நேரத்துக்கு நம் வாயைப் பதனிடுவதுதான்!

நிஜக் கடுக்காயை வைத்தே இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை அரை டம்ளர் தண்ணீரில் மெதுவாகக் கலக்கி, துணியில் வடிகட்டுங்கள். இன்னொரு டம்ளரில் கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். ஆறுவது முக்கியம், சூடே முட்டையைத் திரியவைத்துவிடும், அப்புறம் வேலையைச் செய்தது யார் என்று தெரியாது. ஆறிய கஷாயத்தை முட்டைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கலங்கி, திரிதிரியாக அடியில் இறங்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் இறங்கியது. டானின் புரதத்தைப் பிடித்துக்கொண்டது. தோலுக்குள்ளும் இதுதான் நடக்கிறது, மெதுவாக, வாரக்கணக்கில். (அந்த முட்டையைச் சாப்பிடாதீர்கள். அண்ணன் மகள் கேட்டுவிட்டாள், அதனால் எழுதுகிறேன்.)

ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தென்னாட்டுத் தோல் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் கப்பலேறி உலகச் சந்தைக்குப் போனது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. அப்புறம் வந்தது குரோமியம் என்ற உலோகத்தின் உப்பு. வாரக்கணக்கு வேலையை ஒன்றிரண்டு நாளில் முடித்துவிடும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் குரோம் தோல் சோதனைகளைத் தொடங்கினார். அவர் முயன்று பார்த்தவற்றில் ஒன்று நம் கவலைத் தோல்! தண்ணீரில் சீக்கிரம் கெடாத தோல் கிணற்றுக்கு வேண்டியிருந்தது.

இன்று உலகத் தோலில் பெரும்பகுதி குரோம் தோல். அதற்கு ஒரு விலையும் உண்டு. ஆலைக் கழிவு சுத்திகரிக்கப்படாமல் வெளியேறினால் ஆறும் கிணறும் கெடும். பாலாற்றங்கரையில் அப்படித்தான் கெட்டன. 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர்ப் பகுதி வழக்கில், மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நம் பக்கம் ஈரோட்டில் காலிங்கராயன் வாய்க்கால் உழவர்கள் தோல் கழிவையும் சாயக் கழிவையும் பற்றிப் பல வருடங்களாக முறையிட்டு வருகிறார்கள். பளபளக்கிற பைக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

இனி பை வாங்கப் போவோம். கோவை கிராஸ் கட் ரோட்டுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன், பூதக்கண்ணாடியோடு. கடைப் பையன் எங்களை வருமானவரிக்காரர்கள் மாதிரி பார்த்தான்.

முதலில் ஓரத்தைப் பாருங்கள். கைப்பிடிக்கு உள்பக்கம், பைக்குள் தைத்த பட்டை என்று வண்ணம் பூசாத வெட்டு எங்காவது இருக்கும். நார் தெரிந்தால் தோல். துணியின்மேல் ஏடு தெரிந்தால் பிளாஸ்டிக். நாரின் நிறம்கூடக் கதை சொல்லும்: முழுக்கப் பழுப்பாக இருந்தால் பட்டையில் பதனிட்டது, நடுவில் நீலச் சாம்பல் ஓடினால் குரோம். அப்புறம் மேல்பக்கத்தின் துளைகளைப் பாருங்கள். அவை முடி முளைத்த இடங்கள். ஆட்டுக்கு ஆடு வேறு. ஓர் ஆட்டின் உடம்பிலேயே கழுத்து வேறு, வயிறு வேறு. அதனால் துளைகள் ஒழுங்கில்லாமல் இருக்கும். கோலப்பொடி அச்சு மாதிரி ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தால் அது இயந்திரம் அழுத்தியது. விரலால் அழுத்தினால் தோலில் விரலைச் சுற்றி நுண்ணிய சுருக்கங்கள் விரியும், உங்கள் புறங்கையைக் கிள்ளுகிற மாதிரி. முள் கீறிய தழும்போ உண்ணி கடித்த புள்ளியோ இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். அந்த ஆடு வேலியோரம் மேய்ந்தது என்று அர்த்தம். எனக்கு அப்படிப்பட்ட பைதான் பிடிக்கும்.

தீக்குச்சியால் பொசுக்கிப் பார்க்கலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வேண்டாம். கடையில் அடிதான் விழும்.

சீட்டில் 'ஜெனுயின் லெதர்' என்று எழுதியிருந்தால் போதுமா? போதாது. தடித்த மாட்டுத் தோலை இயந்திரத்தில் கொடுத்து, பன்னைப் பிளக்கிற மாதிரி இரண்டு மூன்று படலமாகப் பிளக்கலாம். மேல் படலத்தில் நார்கள் நெருங்கிப் பின்னியிருக்கும். பலம் அங்கேதான் இருக்கிறது. கீழ்ப் படலம் தளர்வானது, அதற்கு மேலே வண்ணம் பூசி அழகாக்குவார்கள். அதுவும் தோல்தான், அதனால் அந்தச் சீட்டு பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. மேல் படலத்தைச் செதுக்காமல் விட்டிருந்தால் 'ஃபுல் கிரெயின்' என்பார்கள். 'பாண்டட் லெதர்' என்பது தோல் தூளைப் பசை போட்டு ஒட்டியது; கேழ்வரகு மாவில் அடை தட்டுகிற மாதிரி. மாவு கேழ்வரகுதான், கதிர் அல்ல.

பெயருக்குக் கொடுக்கிற காசு வேறு, தோலுக்குக் கொடுக்கிற காசு வேறு. பாரிஸ் பெயர் பொறித்த பையின் விலையில் பெரும்பங்கு பெயருக்கே போகிறது. நம் பக்கத்திலேயே, புதுச்சேரியில் 1978-ல் சிறு பட்டறையாகத் தொடங்கிய ஹைடிசைன், பட்டையில் பதனிட்ட தோலை வைத்தே உலகத்தில் பெயர் வாங்கியது. எந்தப் பெயராக இருந்தாலும் நான் கைப்பிடித் தையலை இழுத்துப் பார்ப்பேன். பையின் பாரம் எல்லாம் அங்கேதான் தொங்குகிறது.

ஒரு பழுப்புப் பை வாங்கினோம். வெட்டு ஓரம் நெடுகப் பழுப்பு, பட்டையில் பதனிட்ட ஆட்டுத் தோல். ஆட்டுத் தோல் ஒன்றில் நாலைந்து சதுர அடிதான் தேறும் என்பதால் பை பெரிதில்லை. அவளுடைய கணக்கு நோட்டு நுழையவில்லை; அவளுக்கு அதில் வருத்தம் இல்லை.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. இது யாருடைய தோலோ ஒருவருடைய தோல் என்பதை மறக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆடிக்காற்றில் நம் உதடு வெடிக்கிறதே, ஏன்? ஈரமும் எண்ணெய்ப் பசையும் போவதால். தோல் பைக்கும் அதே கதைதான். பதனிடும்போதே நார்களுக்கு நடுவில் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். அது குறைந்தால் நார் நாரோடு உரசி அறுந்துவிடும். அப்பாரு தும்பிக்கு விளக்கெண்ணெய் போட்டதாகச் சொன்னார். பையில் அப்படிப் போட்டுவிடாதீர்கள், தேங்காயெண்ணெயும் வேண்டாம். தோல் கறுத்துத் திட்டுத் திட்டாகும், தூசி ஒட்டும். தோலுக்கென்றே விற்கிற களிம்பைக் கடுகளவு தொட்டு, வருடத்துக்கு இரண்டு தடவை, முதலில் அடிப்பக்கத்தில் தடவிப் பார்த்துவிட்டு.

சோப்பு போட்டுக் கழுவவே கூடாது. பதனிட்ட தோல் லேசான அமிலத்தன்மை உடையது, துணி சோப்போ காரம். அமிலமும் காரமும் சந்தித்தால் என்ன ஆகும் என்று உங்கள் அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. டானின் போட்ட பூட்டு தளர்ந்துவிடும். கைக்குப் போடுகிற சானிட்டைசரும் ஆகாது. அதில் இருக்கிற ஆல்கஹால் மேல்பூச்சைக் கரைத்துவிடும்.

மழையில் நனைந்தால் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து நிழலில் காயவையுங்கள். வெயில், இஸ்திரிப் பெட்டி, முடி உலர்த்தும் கருவி எதுவும் வேண்டாம். ஈரமான பச்சைத் தோல் ஏறக்குறைய 60–65 டிகிரி செல்சியஸில் முறுக்கு அவிழ்ந்து சுருங்கிவிடும். பட்டைத் தோல் 75–85 வரை தாங்கும், குரோம் தோல் 100-ஐத் தாண்டியும் நிற்கும். தோல் ஆலையில் ஒரு துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, சுருங்காமல் இருந்தால் குரோம் பதனம் முடிந்தது என்பார்கள். பூட்டிய காருக்குள் சித்திரை வெயிலில் கண்ணாடி ஓரத்துச் சூடு எவ்வளவு ஏறும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு விருந்தாளி வரும்: பூசணம். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு அதற்குப் பாயும் தலையணையும் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். விலையுயர்ந்த பைகளோடு ஒரு துணிப்பை கொடுப்பார்கள். அது அலங்காரத்துக்கு இல்லை, காற்றோட்டத்துக்கு. அதற்கு நாம் கடைக்கு ஓட வேண்டுமா என்ன? சோமனூர், பல்லடம் தறிகளில் ஓடுகிற வெளுக்காத காடாத் துணி ஒரு மீட்டர் போதும். பைக்குள் வெள்ளைத் தாளைச் சுருட்டி அடைத்து நிமிர்த்தி வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். புதுச் செருப்பு டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போடுங்கள். பைக்குத்தான், தம்பிப் பாப்பா கைக்கு இல்லை.

இவ்வளவும் தெரிந்த நான் ஒரு தப்பு செய்தேன். ஜிப்பின் இழுப்பான் கழன்றது என்று பழைய ஊக்கு ஒன்றை மாட்டிவிட்டேன். மருதமலைக்குப் போன அன்று சாரல். மறுநாள் பார்த்தால் ஊக்கு படிந்த இடத்தில் மையைத் தொட்டு வைத்த மாதிரி நீலக்கறுப்புப் புள்ளி. அவளிடம் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் மிச்சமிருந்த கடுக்காய்க் கஷாயத்தில் ஒரு துருப்பிடித்த ஆணியைப் போட்டு ஜன்னலில் வைத்தாள். சாயங்காலத்துக்குள் கஷாயம் கறுத்துவிட்டது. இரும்பும் டானினும் சேர்ந்தால் மை. அந்தக் காலத்தில் இந்த மாதிரி மையாலும் எழுதினார்கள். பட்டைத் தோலில் இருப்பதும் டானின், ஊக்கில் இருப்பதும் இரும்பு, சேர்த்துவைத்தது மழை.

ஊக்கைக் கழற்றிவிட்டேன். புள்ளி போகவில்லை. உங்கள் வீட்டுத் தோல் பையில் எங்காவது ஊக்கு மாட்டியிருக்கிறதா என்று இப்போதே போய்ப் பாருங்கள்; மழைக்கு முன்னால் கழற்றிவிடுங்கள்.